மாப்பிள்ளை அழைப்பும் கிளட்சுத் தோலும்

மோட்டார் வண்டியில் கிளட்ச் என்பது, ஓட்டுகிறவன் தன் இடது காலை வைத்து இளைப்பாறுவதற்காகக் கம்பெனிக்காரன் கருணையோடு பொருத்திக் கொடுத்த மிதிபலகை என்று ஒரு வருஷத்துக்கும் மேலாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். கியர் மாற்றும்போது அதை அழுத்த வேண்டும் என்பது தெரியும். மற்ற நேரத்தில் அதன்மேல் காலை வைக்கக் கூடாது என்பது தெரியாது. யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்களிடம் நானும் கேட்கவில்லை. சமஸ்தானக் கச்சேரியில் ஹெட் குமாஸ்தாவாக இருந்து, இங்கிலீஷில் பாரா பாராவாகக் குறிப்பெழுதி மேலே அனுப்புகிறவன், பஸ் டிரைவரிடம் போய்க் காலை எங்கே வைப்பது என்று கேட்பதா?

வண்டியைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ரேஸ் வண்டி. வீட்டில் நாங்கள் ஏழு பேர். சீமைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார என்ஜினீயரிடமிருந்து அதை வாங்கினேன். எனக்குக் கல்யாணம் ஆன காலத்தில் செய்த வண்டி. எங்கள் இருவரில் அது கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. எஞ்சின் மூடியின் குறுக்கே ஒரு தோல் வார், பெல்ட்டு மாதிரி. கை பிரேக்கு கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கம் கட்டுமாவடிக் கடற்கரைப் படகின் மூக்கு போலக் கூம்பியிருக்கும். அந்தத் தோல் வாரைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். எஞ்சினைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அது எஞ்சின் என்று எனக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

வேகத்துக்காக வாங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேகமாகப் போனால் யார் பார்ப்பார்கள்? சாயங்காலம் கச்சேரி விட்டதும் கீழ ராஜவீதியில் ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு போவேன். இடது கால் கிளட்சின்மேல் பாதி அழுந்தியபடி சுகமாக இருக்கும். கடைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளே தோல் தேய்ந்து கருகிக்கொண்டிருந்த வாடையை நான் வண்டியின் இயற்கையான மணம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி அந்த வண்டியை 'தொட்டி' என்று சொல்வாள். ஒரே ஒரு தடவை ஏறினாள். தெருவில் போகிறவர்களெல்லாம் குனிந்து தன் மடியைப் பார்த்துவிட்டுப் போவது போல இருக்கிறது என்று சொல்லி, இறங்கியவள் மறுபடி ஏறவில்லை. ஆனால் மனைவிமார் நம் சொத்தைப் பற்றி நம்மிடம் சொல்வது ஒன்று, தாய்வீட்டில் சொல்வது ஒன்று.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், குன்றாண்டார்கோவிலில் விவசாயம் செய்கிறவர். அவர் மகளுக்கு விராலிமலைப் பக்கத்து மாப்பிள்ளை நிச்சயமாயிற்று. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. அந்த நாளில் மாப்பிள்ளையைக் கூடு வண்டியில் அழைத்து வருவது கௌரவக் குறைவு என்று எங்கள் பக்கத்தில் ஒரு காய்ச்சல் பரவியிருந்தது. திறந்த மோட்டார் வேண்டும்; அதில் மாப்பிள்ளை மாலையும் தலைப்பாகையுமாக உட்கார்ந்து, நாகஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்து வரவேண்டும். மச்சானின் மனைவி தன் உறவில் ஒருவருடைய பெரிய காரைக் காரைக்குடியிலிருந்து வரவழைப்பதாகச் சொன்னாளாம். என் மனைவி அங்கே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள், "எதுக்கு மதினி ஊரான் வண்டி? எங்க வீட்டு வண்டி வரும்" என்று சொல்லிவிட்டாள். காரைக்குடிக்கு வேண்டாமென்று ஆள் அனுப்பியாயிற்று.

இந்த இரண்டு பெண்களுக்கும் இடையில் பதினெட்டு வருஷமாக ஒரு யுத்தம் நடந்து வந்தது. பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. யார் வீட்டுப் பலகாரம் முதலில் தீர்ந்தது, யார் கொடுத்த சேலையை யார் உடுத்தவில்லை என்கிற மாதிரி நுணுக்கமான காரியங்கள். அதில் என் மனைவி பெரும்பாலும் தோற்றே வந்திருக்கிறாள். காரணம், அவள் பக்கத்துப் படைபலம் நான். இந்தத் தடவைதான் அவளுக்கு முதன்முதலாக ஓர் ஆயுதம் கிடைத்தது. அதை அவள் தொட்டி என்று சொல்லவில்லை. வண்டி என்று சொன்னாள். வீட்டுக்கு வந்து என்னிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்ததை வேறு எந்தக் கல்யாணத்துக்கும் நான் கண்டதில்லை.

மாப்பிள்ளை அழைப்புக்கு ஆறு நாள் இருக்கும்போது, திருமயம் ரோட்டில், எஞ்சின் ஆத்திரத்தோடு கத்த வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அடியிலிருந்து புகை வந்தது. ஆட்டுத்தோலை அடுப்பில் போட்டது போல நாற்றம். வயலிலிருந்து இரண்டு பேர் ஏறி வந்து, எங்கேயோ மாடு செத்துக் கிடக்கிறது என்று தேடினார்கள். செங்கல் ஏற்றி வந்த ஒரு கட்டை வண்டியின் மாடுகளை அவிழ்த்துக் கட்டி என்னை ஊருக்குள் இழுத்து வந்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கீழ ராஜவீதியில் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கா மாடுகளுக்கா என்று இன்றும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

பஸ் ஷெட்டு மிஸ்திரி வந்து குனிந்து மோந்து பார்த்தார். கிளட்சுத் தோல் போய்விட்டது, திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பினால் பத்து நாளில் ஆகும் என்றார். ஆறு நாளில் வேண்டும் என்றேன். "அப்ப மாட்டையே கட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அதைக் கேலியாகச் சொன்னார் என்று நான் கோபித்துக்கொண்டேன். அது யோசனை என்பது பின்னால்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே என் சிநேகிதர்கள் இருவர் வந்துசேர்ந்தார்கள். ஒருவர் வக்கீல். கேஸ் இல்லாத வக்கீல் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். கேஸ்கள் இருந்தன, அவற்றுக்கு வேறு வக்கீல்கள் இருந்தார்கள். மற்றவர் ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். அவர் தம் கையால் இயக்கியிருந்த ஒரே இயந்திரம் பள்ளிக்கூடத்து மணி. மூன்று பேரும் தினசரி கூடி ஐரோப்பாவின் நிலைமையைச் சரிசெய்துகொண்டிருந்தவர்கள். ஐரோப்பா அதற்குப் பின் என்ன ஆயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். அதே மூவர்தான் இப்போது கிளட்சில் கை வைத்தோம்.

கிளட்ச் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக, எனக்கு அன்று தெரிந்த அளவில் சொல்கிறேன். எஞ்சின் பக்கத்தில் பெரிய கிண்ணம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. சக்கரத்தின் பக்கமிருந்து ஒரு கூம்பு வந்து அதற்குள் அழுந்துகிறது. கூம்பின் வெளிப்புறம் தோல் போர்த்தியிருக்கிறது. அடுக்குப் பாத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொள்வது போல, தோல் கிண்ணத்தைப் பற்றிக்கொண்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும், வண்டி ஓடும். மிதியை அழுத்தினால் கூம்பு விலகும். மெதுவாக விட்டால் தோல் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்ற வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நாங்கள் மூவரும் கவனிக்கவில்லை.

வண்டியை மாட்டுக் கொட்டகையில் விட்டோம். பசுவைத் தெருவில் கட்டினோம். வெள்ளைக்காரர் வண்டியோடு ஒரு புஸ்தகமும் கொடுத்துப் போயிருந்தார். வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் எப்படிக் கழற்றுவது, மாட்டுவது என்று இங்கிலீஷில் விவரமாக அச்சிட்டது. நான் அதை அலமாரியில் நல்ல புஸ்தகங்களோடு வைத்திருந்தேன், ஆகவே கரையான் அரித்திருந்தது. வக்கீல் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஷரத்து ஷரத்தாக வாசித்தார். வாத்தியார் விளக்கினார். நான் வண்டிக்கு அடியில் சாணத்தின்மேல் கோணியை விரித்துப் படுத்தேன். வேலை செய்கிறவன் யார் என்பது இந்த ஏற்பாட்டிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று பேரும் சேர்ந்து செய்ததாகத்தான் ஊரில் பேச்சு.

முதல் இரண்டு நாள் கழற்றுவதிலேயே போயிற்று. கூம்பை அழுத்திப் பிடித்திருந்த சுருள்வில் எங்கள் மூவருடைய படிப்பையும் சேர்த்து வைத்தாலும் தாங்காத பலம் உள்ளது. அதைக் கட்டில் காலால் அழுத்தி, கிணற்றுக் கயிற்றால் கட்டி, மெதுவாக விடலாம் என்று வாத்தியார் கணக்குப் போட்டுச் சொன்னார். கணக்கு சரி. கயிறுதான் பழசு. வில் என் காதோரமாகப் பறந்து கூரையில் ஒரு கீற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிற்று. எந்தத் திசையில் எத்தனை அடி தூரத்தில் விழுந்திருக்கும் என்று வாத்தியார் சுவரில் கரியால் எழுதிக் கண்டுபிடித்தார். அந்த இடத்தில் இல்லை. மறுநாள் நண்பகல் வரை தேடி, எதிர்த் திசையில், வைக்கோற்போருக்குள்ளிருந்து எடுத்தோம். காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லையாம்.

ஒவ்வொரு நாள் சாயங்காலமும் என் மனைவி கொட்டகை வாசலில் வந்து நிற்பாள். "வருமா?" என்று மட்டும் கேட்பாள். வரும் என்று வக்கீல் சொல்வார். அவர் கட்சிக்காரர்களிடம் சொல்கிற அதே குரல். அவள் என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு போய்விடுவாள்.

தோல் வேண்டும். இங்கேதான் எங்களுடைய மேன்மை முழுதாக வெளிப்பட்டது. ஊர்க்கோடியில் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் இருந்தார். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலைக்குத் தோல் சால் தைப்பது, குதிரைச் சேணம் தைப்பது எல்லாம் அவர்தான். எங்களில் யாரும் அவரை அன்று 'அவர்' என்று சொன்னதில்லை. இப்போது எழுதும்போது சொல்கிறேன், செலவில்லாத மரியாதை. அவரை வரவழைத்துக் கொல்லைச் சுவருக்கு வெளியே நிற்கச் சொன்னோம். கொட்டகைக்குள் விட்டால் பக்கத்தில் சமையற்கட்டு இருக்கிறதாம். வக்கீல் அந்தத் தோலைக் கையால் வாங்கவும் மாட்டேன் என்றார். கோர்ட்டுக்குக் காலில் மாட்டிக்கொண்டு போவது ஏதோ தாவரம் போலும். கூம்பைக் கொண்டு போய்க் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் அளவு எடுத்திருப்பார். நாங்கள் காகிதத்தில் வடிவம் வெட்டிச் சுவருக்கு மேலாக நீட்டினோம். அவர் அந்தக் காகிதத்தை வைத்தே, கூம்பைக் கண்ணால் காணாமலேயே, மறுநாள் ஒரு தோல் பட்டை கொண்டுவந்தார். மயிரிழை பிசகவில்லை. நாங்கள் ஆச்சரியப்படவில்லை. வாத்தியார் தாம் வரைந்த வடிவத்தைத்தான் பாராட்டிக்கொண்டார்.

பட்டையைச் சுவர்மேல் வைத்துவிட்டு அவர் போகவில்லை. இது எதற்கு என்று கேட்டார். இரும்புக்குள் இரும்பு சுற்றுவதற்கு நடுவில் வைப்பது என்று நான் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்படின்னா வெளக்கெண்ணெயில ஊறப் போடுங்க சாமி. ஒரு பொழுது பூரா. தோலு குடிக்கிற மட்டும் குடிக்கட்டும். காஞ்ச தோலு பதமாப் பிடிக்காது. ஒண்ணு பிடிக்காம இருக்கும், இல்லாட்டி வெடுக்குனு பிடிக்கும்."

வாத்தியார் சிரித்தார். "வழுக்குதேன்னுதான்யா இவ்வளவு பாடு. அதுல எண்ணெயை ஊத்தச் சொல்றே."

"எனக்கு வண்டி தெரியாதுங்க சாமி. தோலைச் சொன்னேன்" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்கு வண்டியும் தெரியாது தோலும் தெரியாது என்பதால் நாங்கள் புஸ்தகத்தைப் பார்த்தோம். கிளட்சுத் தோலைப் பற்றிய பக்கத்தில் கரையான் வீடு கட்டியிருந்தது. தமிழில் சொன்னால், 'தோலை எப்போதும்' என்று இருந்தது. அப்புறம் ஓர் ஓட்டை. அப்புறம் 'நிலையில் வைத்திருப்பது மிக அவசியம்' என்று இருந்தது. வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இந்த மாதிரி ஓட்டைகளுக்குள் புகுந்து வெளியே வருவதுதான் தம் தொழில் என்றார். ஓட்டையின் நீளத்தை விரலால் அளந்தார். எழுத்து இத்தனை அடங்கும், முன்னும் பின்னும் உள்ள வாசகத்தின் போக்கு இப்படி, ஆகையால் 'உலர்ந்த' என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் அங்கே இருந்திருக்க நியாயமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். வாத்தியார் உராய்வைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம் செய்து அதை ஊர்ஜிதம் பண்ணினார். மேஜையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, என் மூக்குப்பொடி டப்பியை அதன்மேல் தள்ளிக் காட்டினார். டப்பி வழுக்கியது. நிரூபணமாயிற்று.

நான் என்ன செய்தேன்? தலையாட்டினேன். சுவருக்கு வெளியே நின்றவர் சொன்னது சரியாக இருக்கலாம் என்று உள்ளே எங்கேயோ எனக்குத் தோன்றியது உண்மை. ஆனால் ஒரு பி.ஏ., பி.எல். வக்கீலும் ஒரு எல்.டி. வாத்தியாரும் ஒரு பக்கம்; செருப்புத் தைக்கிறவர் ஒரு பக்கம். குமாஸ்தா யார் பக்கம் கையெழுத்துப் போடுவான் என்பதில் என்ன சந்தேகம்?

என் மனைவி சமையற்கட்டிலிருந்து அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். ஒரு கிண்ணம் நிறைய விளக்கெண்ணெய் கொண்டுவந்து கொட்டகைத் திண்டில் வைத்துவிட்டுப் போனாள். வக்கீல் அதைத் தொட்டுத் தம் கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டார். மை நன்றாகப் போயிற்று.

தோலை வெயிலில் உலர்த்தி, இன்னும் உலர்த்தி, அப்பளம் போல ஆக்கிச் செப்பு ஆணிகளால் அறைந்தோம். கூம்பை ஏற்றினோம். வில்லை இந்தத் தடவை புதுக் கயிற்றால் கட்டினோம். ஐந்தாம் நாள் மாலை எஞ்சினைக் கிளப்பி, கிளட்சை மெதுவாக விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஓர் இழை விட்டேன். வண்டி கொட்டகையை விட்டு வெளியே போய்த் தெருவில் நின்றது. நடுவில் இருந்த தூரத்தை எப்போது கடந்தது என்று நான் பார்க்கவில்லை. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

"பார்த்தீரா ஓய், பிடிப்பை" என்றார் வக்கீல்.

நாங்கள் மூவரும் கட்டிக்கொள்ளாத குறை. மிதிபலகையில் காலை வைக்கக் கூடாது என்பதையும் அன்றுதான் புஸ்தகத்தின் வேறொரு பக்கத்தில் வக்கீல் படித்துச் சொன்னார். அந்தப் பக்கத்தைக் கரையான் தொடவில்லை. நான்தான் தொட்டிருக்கவில்லை.

மறுநாள் குன்றாண்டார்கோவிலுக்குப் போனோம். என் மனைவி இரண்டு நாள் முன்னதாகவே கூடு வண்டியில் போயிருந்தாள். வாத்தியார் என் பக்கத்தில். வக்கீல் வால் பக்கத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு. கிளம்பும்போது ஒரு குதி. அதற்குப் பிறகு வண்டி அற்புதமாக ஓடியது. இது ஓடுகிற வண்டி என்பதையே அன்றுதான் அறிந்தேன். கப்பி ரோட்டில் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, ஆட்டு மந்தைகளைச் சிதறடித்துக்கொண்டு போய், மச்சான் வீட்டுப் பந்தலுக்கு முன்னால் நிறுத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. மச்சானின் மனைவி வெளியே வந்து பார்த்தாள். என் மனைவி அவளுக்குப் பின்னால் வந்து, வண்டியைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சின்னதாத்தான் இருக்கு" என்றாள் மச்சானின் மனைவி. அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. அந்த நிமிஷத்தோடு கல்யாணம் முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் ஊர் எல்லைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு புறப்பட்டது. எல்லோரும் பார்க்க வேண்டுமென்று மாப்பிள்ளையை ஆசனத்தில் உட்கார வைக்காமல், பின்னால் மடித்திருந்த கூரையின்மேல் ஜமக்காளத்தை விரித்து, கால் ஆசனத்தில் இருக்கும்படி உயரமாக உட்கார வைத்தோம். அது வாத்தியாரின் யோசனை. எங்களுக்கு முன்னால் நாகஸ்வர கோஷ்டி. அதற்கும் முன்னால் தாம்பாளங்களோடு பெண்கள். மூன்று தெரு தூரம். நாகஸ்வரக்காரர் அடிக்கு ஒரு தரம் நின்று ராகத்தை நீட்டுவார். முச்சந்திக்கு முச்சந்தி தவுல் தனியாக முழங்கும். அதற்கு ஏற்ப வண்டி அரை அடி, முக்கால் அடி என்று ஊர்ந்து வரவேண்டும். அதாவது, கிளட்சைப் பாதி பிடித்தும் பாதி விட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு காரியத்துக்குத்தான் வண்டியைக் கேட்டிருந்தார்கள். இந்த ஒரு காரியத்தைத்தான் எங்கள் தோல் செய்யாது. பாதி என்பதே அதற்கு இல்லை.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை விட்டேன். வண்டி வாடிவாசலிலிருந்து விட்ட காளை மாதிரி நான்கு அடி பாய்ந்து நின்றது. மாப்பிள்ளை பின்பக்கமாகச் சாய்ந்து, படகு வாலில் மல்லாந்து, இரண்டு பாதங்களையும் ஊருக்குக் காட்டினார். தூக்கி உட்கார வைத்துத் தலைப்பாகையைத் தட்டிக் கொடுத்தார்கள். இரண்டாவது தடவை தவுல்காரர் தவுலோடு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். மூன்றாவது தடவை நாகஸ்வரக்காரருக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அவர் வாசிப்பை நிறுத்தினார். நாகஸ்வரத்தின் சீவாளியை மெதுவாகத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கோபமே இல்லாத மனிதர்.

"ஐயா, நீங்க முன்னால போயிருங்க. நாங்க நிதானமா வாசிச்சுக்கிட்டே வந்து சேருறோம்" என்றார்.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. தாம்பாளங்களின் நடுவிலிருந்து என் மனைவி திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் மச்சானின் மனைவி. அவள் வாயைத் திறக்கப்போகிறாள், காரைக்குடி என்கிற வார்த்தை வெளியே வரப்போகிறது.

நான் எஞ்சினை நிறுத்தி, கியரை நடுவில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். அதற்கு மேல் செய்வதற்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்போது மாப்பிள்ளையின் தாய்மாமன், விராலிமலைப் பக்கத்து உழவுச் சம்சாரி, மார்பே ஒரு களத்துமேடு மாதிரி இருப்பவர், துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டியின் பின்னால் போனார். தோளைக் கொடுத்தார். வண்டி அரை அடி நகர்ந்தது. நாகஸ்வரக்காரர் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து எடுத்தார். ராகத்துக்கு ராகம், அடிக்கு அடி, எந்த எஞ்சினும் அப்படி ஊர்ந்திருக்காது. இன்னும் நான்கு பேர் கை கொடுத்தார்கள். வாத்தியார் அவர்களுக்கு ஓரமாக நடந்துகொண்டே, கிளம்பும்போதுதான் கனமாக இருக்கும், அதற்கப்புறம் குறைந்துவிடும், அதற்குப் பெயர் இன்னது என்று சொல்லிக்கொண்டு வந்தார். வக்கீல் ஒரு விரலை வண்டியின்மேல் வைத்திருந்தார்; தள்ளினார் என்று சொல்லலாம், தள்ளவில்லை என்றும் வாதிக்கலாம்.

முதல் முச்சந்தியில் தவுல் ஓய்ந்தபோது என் மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது. எல்லோருக்கும் கேட்க வேண்டுமென்றே பேசினாள்.

"இப்ப டவுன்ல எல்லாம் இப்படித்தான் மதினி. மாப்பிள்ளை வண்டிய எஞ்சினப் போட்டு ஓட்டியாந்தா அது மரியாதையில்லையாம். சொந்தக்காரங்க தோள் குடுத்துத்தான் கூட்டியாரணுமாம். அங்கிட்டு எல்லாம் அதான் வழக்கம்."

"அப்படியா?" என்றாள் மச்சானின் மனைவி. டவுனில் நடக்கிற ஒரு வழக்கம் தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. "ஆமா, நானுங்கூடக் கேள்விப்பட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த தெருவில், தோள் கொடுக்காதவர்கள் எல்லாம் விட்டுப்போயிற்றே என்று ஓடிவந்தார்கள். பெண்ணின் சித்தப்பா ஒருவர் தமக்கு இடம் விடவில்லை என்று கோபித்துக்கொண்டு பந்தலுக்கே போய்விட்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, திருமயம் ரோட்டில் மாடுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதே முகத்தோடு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மூன்று தெருவும் போய்ச் சேர்ந்தோம். ஆரத்தி எடுத்தார்கள். எனக்கும் சேர்த்து எடுத்தார்கள்.

ஊர் திரும்பிய பிற்பாடு அந்தத் தோலுக்கு விளக்கெண்ணெய் ஊற்றினேன். ஒரு பகல் முழுதும் குடித்தது. அதற்கப்புறம் வண்டி பூனை நடப்பது போல நடந்தது; அதைப் பார்க்க உறவில் கல்யாணம் எதுவும் மிச்சமில்லை. ஊர்க்கோடிக்குப் போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. வக்கீலும் வாத்தியாரும் எண்ணெய் விஷயத்தைத் தாங்கள் முதலிலேயே சொன்னதாகச் சாதிக்கிறார்கள்.

கல்யாணம் முடிந்து மறுநாள் காலை நாங்கள் புறப்பட்டோம். சிநேகிதர்கள் இருவரும் பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டார்கள். என் மனைவி, யாரும் கூப்பிடாமலேயே, மச்சானின் மனைவி வாசலில் நின்று பார்க்க, வண்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையைத் தலையைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். இந்த வண்டியை இனி ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது என்கிற நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. நானும், என்ன இருந்தாலும் என்னுடைய வண்டிதானே என்று கொஞ்சம் நிமிர்ந்தேன்.

விடைகொடுக்க மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். இடது தோளை வலது கையால் தேய்த்துக்கொண்டே வந்தார். வண்டியை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். தோல் வாரைத் தொட்டார். எஞ்சின் மூடியை இரண்டு விரலால் தட்டினார். பிறகு என் பக்கமாகக் குனிந்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"வழக்கமெல்லாம் சரிதாங்க. அடுத்த கலியாணத்துக்கு வாரப்ப இந்த எஞ்சின மட்டும் வீட்டுல எறக்கி வச்சிட்டு வாங்க. தள்ளுறவனுக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்."